நுண்சுரச் சமபகுப்பில் கோர்ட்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எப்படிப் பெயர் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் கீபோர்ட், கிட்டார் படிக்கிற பிள்ளைகளில் சிலருக்கு இப்போது 19, 22, 31 என்று எண் போட்ட டியூனிங்குகள் கைக்கு வந்துவிட்டன. கணினியில் ஓர் இலவச சின்த், அதற்கு ஒரு சின்ன டியூனிங் கோப்பு, அவ்வளவுதான் தேவை. வாசிக்கத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆவதற்குள் சண்டை வந்துவிடும்: "நீ சொன்ன சி மேஜர் வேறு, நான் பிடிக்கிற சி மேஜர் வேறு." வகுப்பில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். லண்டன் கிரேட் பரீட்சைக்குப் படித்த தியரியோ சங்கீத வகுப்பில் படித்த ஸ்வரஸ்தானமோ, இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும்.

சமபகுப்பு என்றால் என்ன?

ஒரு சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரையுள்ள ஸ்தாயியைச் சம அளவான படிகளாக வெட்டுவது. நம் கீபோர்ட்டில் 12 படி. ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்று அளவுகோல் வகுத்தவர் அலெக்சாண்டர் எல்லிஸ், 1880களில். அந்தக் கணக்கில் கீபோர்ட்டின் ஒரு படி 100 சென்ட். 19ஆக வெட்டினால் ஒரு படி 63.2 சென்ட், 22 என்றால் 54.5, 24 என்றால் 50, 31 என்றால் 38.7, 53 என்றால் 22.6.

இதெல்லாம் நேற்றைக்கு வந்த விளையாட்டு அல்ல. 31 படியைப் பற்றி கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1691இலேயே எழுதிவிட்டார். அதே நெதர்லாந்தில் அட்ரியான் ஃபொக்கர் என்ற இயற்பியலாளர் 31 படிக்கென்றே ஓர் ஆர்கன் செய்வித்து, 1950இல் ஹார்லெம் நகரத்து டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்தார்.

கீழே அடிக்கடி வரப்போகிற நான்கு அளவுகளை ஒரு கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். இவை காது தானாகவே சுத்தம் என்று ஏற்கிற அதிர்வெண் விகிதங்கள். ஃபிஃப்த் (ச–ப) 3/2, அதாவது 702 சென்ட். மேஜர் தேர்ட் (ச–க3) 5/4, அதாவது 386. மைனர் தேர்ட் (ச–க2) 6/5, அதாவது 316. இயற்கைச் செவன்த் 7/4, அதாவது 969.

12இல் இருக்கிற மேஜர், மைனர் என்ற பெயர்களே போதாதா?

12இல் தேர்ட் என்று சொல்லக்கூடியவை இரண்டுதான், 3 படி அல்லது 4 படி. அதனால் இரண்டு பெயர் போதும். 31க்குப் போங்கள். சியையும் ஜியையும் (0ஆம் படி, 18ஆம் படி) பிடித்துக்கொண்டு நடுச்சுரத்தை ஒவ்வொரு படியாக நகர்த்திப் பாருங்கள். 7ஆம் படியில் 271 சென்ட், இருண்டு தாழ்ந்த ஒரு மைனர். 8இல் 310, பழகிய மைனர். 9இல் 348, மைனரும் இல்லை மேஜரும் இல்லை. 10இல் 387, கீபோர்ட்டில் கேட்பதைவிட அமைதியான மேஜர். 11இல் 426, எட்டிப்பார்க்கிற மாதிரியான ஒரு மேஜர். ஐந்துமே முழு கோர்ட்டாகத்தான் நிற்கின்றன, ஒன்றையும் "சுருதி சேரவில்லை" என்று தள்ளிவிட முடியாது.

இவற்றை வரிசையாக சப்மைனர், மைனர், நியூட்ரல், மேஜர், சூப்பர்மேஜர் என்று அழைப்பது பரவலான வழக்கம். எங்கள் வகுப்பில் தமிழில் பேசும்போது கீழ்மைனர், நடு, மேல்மேஜர் என்றும் சொல்கிறோம். 31க்கு இந்த ஐந்து பெயரே அநேகமாகப் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சரி, எந்தச் சமபகுப்பிலும் "சி மேஜர்" என்று எதைச் சொல்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

"சி மேஜர்" என்று சொல்லும்போது நாம் இரண்டு செய்திகளை ஒன்றாகச் சொல்கிறோம். ஒன்று எழுத்து: சி, ஈ, ஜி என்று எழுது. மற்றது ஓசை: அதிர்வெண்கள் 4:5:6 என்ற விகிதத்தில் நிற்கிற அந்த இனிமையான கோர்ட் கேட்கட்டும். 12இல் இரண்டும் ஒரே கட்டையில் வந்து விழுவதால் இரண்டு செய்தி இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஈ என்ற எழுத்து எங்கிருந்து வருகிறது? சியிலிருந்து ஃபிஃப்த் ஃபிஃப்த்தாக ஏறினால் சி, ஜி, டி, ஏ, ஈ. நான்கு ஃபிஃப்த் ஏறி இரண்டு ஸ்தாயி இறங்கினால் ஈ. இதை 31இல் செய்து பாருங்கள். ஃபிஃப்த் 18 படி, நான்கு தடவை 72, அதில் இரண்டு ஸ்தாயிக்கு 62 கழித்தால் 10. பத்தாம் படி 387 சென்ட், 5/4க்கு மிகக் கிட்ட. எழுத்தும் ஓசையும் ஒத்துப்போகின்றன. 19இலும் அப்படித்தான்: ஃபிஃப்த் 11 படி, 44இல் 38 போக 6, அது 379 சென்ட்.

இப்போது 22. ஃபிஃப்த் 13 படி. நான்கு தடவை 52, அதில் 44 போக 8. எட்டாம் படி 436 சென்ட். அது 5/4க்குப் பக்கத்திலேயே இல்லை, 9/7 என்ற கூர்மையான சூப்பர்மேஜர். காது தேடுகிற இனிமையான தேர்ட் ஒரு படி கீழே, 7இல் (382) இருக்கிறது. அப்படியென்றால் 22இல் சி மேஜர் 0-8-13ஆ, 0-7-13ஆ? எழுத்தைப் பார்க்கிறவர் முதலாவதைப் பிடிப்பார், ஓசையைத் தேடுகிறவர் இரண்டாவதை. சண்டை வருவது இங்கேதான், இரண்டு பேர் சொல்வதும் சரி.

காரணம் 81/80 என்ற காற்புள்ளியளவு வித்தியாசம், கொமா என்பார்கள். 21.5 சென்ட். நான்கு சுத்த ஃபிஃப்த் ஏறிக் கிடைக்கிற தேர்ட்டுக்கும் 5/4க்கும் உள்ள இடைவெளி அதுதான். 12, 19, 24, 31 ஆகியவை இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகின்றன. 17, 22, 53 விழுங்குவதில்லை. ஆகவே புதிதாக ஒரு சமபகுப்பைக் கையில் எடுத்தால் முதலில் ஃபிஃப்த்தின் படியை நான்கால் பெருக்கி, இரண்டு ஸ்தாயியைக் கழித்துப் பாருங்கள். விடை 5/4க்குக் கிட்டிய படியாக இருந்தால் பழைய பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

எழுத்தும் ஓசையும் பிரிந்தால் எதன் பக்கம் நிற்பது?

வாசிக்கிறவருக்குக் கொடுக்கும் தாளில் எழுத்தின் பக்கம். இதில் நான் பிடிவாதக்காரன். ஓசைக்கு "மேஜர்" என்ற பெயரைக் கொடுத்துவிட்டால், சி–ஜி, ஜி–டி என்று ஃபிஃப்த்தில் போகிற சங்கிலி அறுந்து, எந்த ஷார்ப் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் மேஜர் என்றால் எல்லா டியூனிங்கிலும் நான்கு ஃபிஃப்த் ஏறிய தேர்ட்தான். இனிமையானது அதிலிருந்து ஒரு படி தள்ளி இருந்தால், தள்ளி இருக்கிறது என்று அம்புக்குறி போட்டுச் சொல்லிவிடுவோம்.

ஒத்திகையில் பேசும்போது வேறு. அங்கே "4:5:6 கேட்கட்டும்" என்று விகிதத்தைச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

அந்த அம்புக்குறி முறை என்ன?

கைட் கீட்ரைட்டிஸ் என்பவர் வகுத்த அப்–டவுன் முறை. ஒரு படி ஏற்றினால் ↑, ஒரு படி இறக்கினால் ↓. மேஜருக்கும் மைனருக்கும் சரி நடுவில் ஒரு படி இருந்தால் அது மிட்.

22இல் சி, ↓ஈ, ஜி என்பது 0-7-13. இதன் பெயர் "சி டவுன்". இனிமையான மைனர் சி, ↑ஈ ஃபிளாட், ஜி, அதாவது 0-6-13. அது "சி அப்மைனர்". அம்பு போடாத சி மேஜர் 0-8-13, அம்பு போடாத சி மைனர் 0-5-13, இவை சூப்பர்மேஜரும் சப்மைனரும் போல ஒலிப்பவை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அம்பு வேர்ச்சுரத்துக்கு (கோர்ட்டின் அடிச்சுரம்) முன்னால் வந்தால் வேரே நகர்கிறது. பின்னால் வந்தால் தேர்ட் நகர்கிறது. "டவுன் சி" வேறு, "சி டவுன்" வேறு. தாளை வேகமாகப் பார்க்கிறவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள், ஆகவே முதல் ஒத்திகையில் இரண்டையும் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

19க்கு அம்பே தேவையில்லை. அங்கே ஷார்ப் ஒரு படிதான். சி ஷார்ப் 1, டி ஃபிளாட் 2, டி 3. கறுப்புக் கட்டை ஐந்தும் இரண்டு இரண்டாகப் பிளந்து பத்தாகின்றன, ஈக்கும் எஃப்புக்கும் நடுவில் ஒன்று, பிக்கும் சிக்கும் நடுவில் ஒன்று, வெள்ளைக் கட்டை ஏழு. கூட்டிப் பாருங்கள், 19.

நியூட்ரல் கோர்ட்டை வீட்டிலேயே கேட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், சின்த் கூட வேண்டாம். இரண்டு சாதாரண கீபோர்ட் போதும். ஒன்றை ஏ = 440இல் விடுங்கள். மற்றதன் மாஸ்டர் டியூனிங்கை 452.9க்கு ஏற்றுங்கள், அது சரியாக 50 சென்ட். இப்போது இரண்டும் சேர்ந்து 24 படி. இடது கையால் 440இல் இருக்கிற கீபோர்ட்டில் சியையும் ஜியையும் பிடியுங்கள். வலது கையால் ஏற்றி வைத்ததில் ஈ ஃபிளாட்டை அழுத்துங்கள். 0-7-14, நடுவில் 350 சென்ட்.

முதல் தடவை கேட்கிறவர்கள் பெரும்பாலும் "இது தப்பு" என்பார்கள். அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள், சற்று நேரத்தில் அது ஒரு தனி நிறம் என்று காது ஒப்புக்கொள்ளும். அரபு இசையில் ராஸ்த் என்ற மகாமின் (நம் ராகம் போன்றது) மூன்றாம் சுரம் இந்தப் பக்கம்தான் நிற்கிறது, ஊருக்கு ஊர் உயரம் கொஞ்சம் மாறினாலும். லெபனானைச் சேர்ந்த மிகாயில் மிஷாகா 19ஆம் நூற்றாண்டில் ஸ்தாயியை 24 சம பங்காக வைத்து எழுதியதும் இத்தகைய சுரங்களை அளவுக்குள் கொண்டுவரத்தான்.

பெயர் என்று வந்தால் "சி நியூட்ரல்" அல்லது "சி மிட்". இரண்டும் ஒரே கோர்ட். ஒரு தாளில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

செவன்த் கோர்ட்டில் ஏன் இவ்வளவு குழப்பம்?

ஏனென்றால் "சி செவன்த்" என்ற பெயரில் இரண்டு வேறு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். ஒருவர் எஃப்புக்குப் போகத் துடிக்கிற செவன்த். மற்றவர் 4:5:6:7 என்ற, எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிற செவன்த். கீபோர்ட்டின் 1000 சென்ட் முதலாமவருக்குக் கிட்ட, இரண்டாமவரிலிருந்து 31 சென்ட் தள்ளி.

31இல் இவர்கள் தெளிவாகப் பிரிகிறார்கள். சி, ஈ, ஜி, பி ஃபிளாட் என்பது 0-10-18-26. இயற்கைச் செவன்த் 25ஆம் படி, 968 சென்ட். அந்த 25க்கு எழுத்து பி ஃபிளாட் அல்ல, ஏ ஷார்ப். தியரி படித்தவர்கள் உடனே "இது ஜெர்மன் சிக்ஸ்த் அல்லவா" என்பார்கள். எழுத்தில் அதேதான். ஆனால் ஜெர்மன் சிக்ஸ்த் என்று பெயர் போட்டால் வாசிக்கிறவர் அதை வெளிப்பக்கமாக விரித்து முடிக்கப் பார்ப்பார். ஒரு பாட்டு இந்தக் கோர்ட்டிலேயே வந்து இளைப்பாறுகிறது என்றால் அந்தப் பெயர் தவறான வேலை செய்யும். எங்கள் தாள்களில் ஹார்மோனிக் செவன்த் என்பதைச் சுருக்கி ஹ7 என்று எழுதுகிறோம்: "சி ஹ7". ஐந்துகோட்டில் ஏ ஷார்ப் என்று எழுதிவிட்டு மேலே ஹ7. எழுத்து எழுத்தின் வேலையைப் பார்க்கட்டும், பெயர் ஓசையைச் சொல்லட்டும்.

இதையும் கேட்டுப் பார்க்கலாம். அரேஞ்சர் கீபோர்ட்டுகள் பலவற்றில் ஸ்கேல் டியூன் என்று ஒரு பக்கம் இருக்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகச் சில சென்ட் நகர்த்தலாம். ஈயை −13, ஜியை −3, பி ஃபிளாட் கட்டையை +6 என்று வையுங்கள். சி, ஈ, ஜி, பி ஃபிளாட் பிடித்தால் 31இன் சாதாரண சி செவன்த். பிறகு அந்தக் கடைசிக் கட்டையை மட்டும் −32க்கு இறக்குங்கள். ஆர்கன் வொய்சில் செய்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்: அலையடிப்பு அடங்கி நான்கு சுரமும் ஒரே குழாயிலிருந்து வருவது போல ஒட்டிக்கொள்ளும். பியானோ வொய்சில் அவ்வளவு தெரியாது, ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.

22இல் கதை தலைகீழ். அங்கே அம்பு போடாத பி ஃபிளாட் (18ஆம் படி, 982) தான் 7/4க்குக் கிட்டியது. தேர்ட்டுக்குத்தான் அம்பு: சி, ↓ஈ, ஜி, பி ஃபிளாட். "சி டவுன், சேர்த்த செவன்த்" என்று படிக்க வேண்டும். நடுவிலுள்ள காற்புள்ளியை விட்டுவிட்டால் செவன்த்தும் சேர்ந்து கீழே இறங்கிவிடும், அது வேறு கோர்ட்.

கோயில், தேவாலயப் பாட்டுகளுக்கு நான்கு கோர்ட்டைத்தான் சுற்றிச் சுற்றி வாசிக்கிறோம். அதிலுமா பிரச்சினை?

அதில்தான் பெரிய பிரச்சினை. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடகர் குழு ஒன்றுக்கு வாசிக்கிற தம்பி ஒருவர் கேட்டது இது. சி, ஏ மைனர், டி மைனர், ஜி, திரும்ப சி. 12இல் நூறு தடவை சுற்றலாம், 19இலும் 31இலும் அப்படியே. 22இல் சுற்றிப் பாருங்கள்.

இனிமையான தேர்ட்டுகளோடு தொடங்குவோம்: சி, ↓ஈ, ஜி. அடுத்த மைனர் கோர்ட் சியையும் ↓ஈயையும் பொதுவாக வைத்துக்கொள்கிறது. அப்படியானால் வேர் ↓ஏ. அதை அப்படியே பிடித்துக்கொண்டு டி மைனருக்குப் போனால் ↓டி, எஃப், ↓ஏ. ↓டியைப் பிடித்துக்கொண்டு ஜிக்குப் போனால் ↓ஜி, ↓↓பி, ↓டி. ↓ஜியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால்... ↓சி. ஒரு சுற்றில் சுருதி ஒரு படி, 54.5 சென்ட் இறங்கிவிட்டது. நான்கு சுற்றில் ஒரு முழு டோனுக்கும் மேலே. 53இலும் இதேதான், ஆனால் அங்கே படி 22.6 சென்ட் என்பதால் மெதுவாக இறங்கும்.

இதைத்தான் கோர்ட் பெயர் காட்டிக்கொடுக்கிறது. சி டவுன், டவுன் ஏ அப்மைனர், டவுன் டி அப்மைனர், டவுன் ஜி டவுன், டவுன் சி டவுன் என்று எழுதியவுடனே எந்த இடத்தில் வேர் வழுக்கியது என்று கண்ணுக்குத் தெரிகிறது. வெறும் சி, ஏம், டிம், ஜி என்று எழுதியிருந்தால் தாளில் எல்லாம் சரி, காதில் மட்டும் ஏதோ பிழை. சரிக்கட்ட வழி உண்டு: டி மைனரிலிருந்து ஜிக்குப் போகும்போது ↓டியை விட்டு டிக்கு ஏறிக்கொள்ளுங்கள். கேட்கிறவருக்கு ஒரு சின்ன உதறல் தெரியும். அது வேண்டாமென்றால் இந்தப் பாட்டுக்கு 22ஐத் தொடாதீர்கள், 31 எடுங்கள்.

டிமினிஷ்ட், ஆக்மென்டட், சஸ்?

சஸ் (தேர்ட்டுக்குப் பதிலாகப் பக்கத்துச் சுரம் வருகிற கோர்ட்) எங்கும் தொல்லை தராது. மற்ற இரண்டும் 12இல் வட்டமாக மூடிக்கொள்கிறவை. 300 சென்ட் நான்கு, 400 சென்ட் மூன்று. அதனால் சி ஆக்மென்டடும் ஈ ஆக்மென்டடும் ஒரே கட்டைகள். 19இல் மூன்று மேஜர் தேர்ட் 18 படிதான், ஒன்று குறைகிறது. நான்கு மைனர் தேர்ட் 20 படி, ஒன்று கூடுகிறது. வட்டம் மூடாது. ஆகவே எந்த வேரிலிருந்து எழுதுகிறோம் என்பது முக்கியம், டிமினிஷ்ட் செவன்த்தில் பி டபிள் ஃபிளாட்டுக்குப் பதிலாக ஏ என்று சோம்பலில் எழுதினால் வேறு சுரம் வந்துவிடும். 24இல் மட்டும் பழையபடியே, ஏனென்றால் 12 முழுவதும் அதற்குள் இருக்கிறது.

கர்நாடக ஸ்வரப் பெயர்களை வைத்தே கோர்ட்டுக்குப் பெயர் வைக்கலாமா? நமக்கு 22 சுருதி இருக்கிறதே?

முதல் பாதிக்குப் பதில்: வைக்கலாம், ஒரு வேருக்குள் நிற்கும் வரை. ச-க3-ப, ச-க2-ப என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். 12 இடத்துக்கு 16 பெயர் வைத்திருக்கிற முறை நம்முடையது. ரி3உம் க2உம் ஒரே இடம், ராகத்தில் அது செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் மாறும். எழுத்து வேறு, உயரம் வேறு என்பதைச் சங்கீதம் படித்தவர்கள் மேற்கத்திய மாணவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வது இதனால்தான். ஆனால் வேர் நகரத் தொடங்கினால் இந்தப் பெயர்கள் தடுமாறும். ச அசையாத இசைக்கு உண்டான பெயர்கள் அவை.

இரண்டாம் பாதி: 22 சுருதியும் 22 சமபகுப்பும் ஒன்றல்ல. சிலப்பதிகாரத்தில் ஏழு நரம்புக்கும் (சுரத்துக்கும்) 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு சொல்லப்படுகிறது, கூட்டினால் 22. அந்த அலகுகள் சம அளவானவை என்று கொள்ள வேண்டியதில்லை. காரைதீவில் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பில் இருந்த சுவாமி விபுலானந்தர், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் 22ஐ விகிதங்களாக வைத்தே கணக்குப் போட்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1917இல், தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தில் 22ஐ மறுத்து, 24 சம சுருதி என்று வாதாடினார். சமபகுப்பு என்ற எண்ணத்தைத் தமிழில் முழு மூச்சாக எடுத்துப் பேசியவர் அவர்தான், அவருடைய முடிவு சரியோ பிழையோ.

ஓர் எண் மட்டும் ஆசை காட்டும். நாட்டிய சாஸ்திரம் எழுதிய பரதரின் சட்ஜ கிராமம் என்ற சுர அமைப்பில் ச முதல் ப வரை 13 சுருதி. 22 சமபகுப்பிலும் ஃபிஃப்த் 13 படி. அட, பொருந்துகிறதே என்று தோன்றும். எண்ணிக்கைதான் பொருந்துகிறது. 13 படி 709 சென்ட், தம்புராவின் பஞ்சமம் 702. கீழ் ஸ்தாயி சியில் (130.8 ஹெர்ட்ஸ்) சட்ஜத்தை வைத்து அதனோடு 13ஆம் படியைச் சேர்த்து ஒலித்தால் நொடிக்கு ஒன்றரைத் தடவைக்கு மேல் அலையடிக்கும். தம்புரா போட்ட கச்சேரியில் 22 சமபகுப்பு கீபோர்ட்டை இறக்கினால் முன்வரிசை மாமி முதல் நிமிடத்திலேயே திரும்பிப் பார்ப்பார்.

13 போன்ற விசித்திரமான எண்களுக்கு?

13இல் நல்ல ஃபிஃப்த்தே இல்லை. 7 படி 646 சென்ட், 8 படி 738. ஃபிஃப்த் இல்லாத இடத்தில் ஃபிஃப்த்திலிருந்து பிறந்த எழுத்துக்களுக்கு வேலை இல்லை. படி எண்ணையே பெயராக வையுங்கள்: 0-4-8, 0-3-7 என்று. வறட்சியாகத்தான் இருக்கும், ஆனால் பொய் சொல்லாது. அமெரிக்க இசையமைப்பாளர் ஈஸ்லி பிளாக்வுட் 1980 வாக்கில் 13 முதல் 24 வரை ஒவ்வொரு சமபகுப்புக்கும் ஓர் உருப்படி எழுதியிருக்கிறார். 13 எப்படி ஒலிக்கும் என்று பார்க்க அங்கே போகலாம்.

எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை இல்லையா?

இல்லை. ஜார்ஜ் சீக்கரும் டேவ் கீனனும் உருவாக்கிய சஜிட்டல் என்ற குறியீட்டு முறை மிக நுணுக்கமானது, எந்த டியூனிங்கையும் எழுதலாம்; ஆனால் குறிகளைப் பழக நாள் எடுக்கும். 31க்கு அரை ஷார்ப், அரை ஃபிளாட் குறிகளே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் நியாயம். எதை எடுத்தாலும் தாளின் தலைப்பில் மூன்று விவரம் போடுங்கள்: எத்தனை படி, ஃபிஃப்த் எத்தனை படி, அம்பு எத்தனை படி. முதல் தடவை வருகிற ஒவ்வொரு கோர்ட்டின் அடியிலும் 0-7-13 என்று படி எண்ணையும் எழுதிவிடுங்கள். அம்பைப் பென்சிலில் போடாதீர்கள். காலி வீதியில் எந்தக் கடையில் போட்டோகொப்பி எடுத்தாலும் முதலில் மறைவது அதுதான்.

எந்த எண்ணில் தொடங்குவது?

31. ஷார்ப், ஃபிளாட் எழுத்துக்கள் அப்படியே இருக்கும், புதிய ஓசைகளும் கிடைக்கும், கோர்ட் சுற்றும்போது சுருதி வழுக்காது. கிட்டார்காரருக்கு மட்டும் 19: ஃபிரெட் மாற்றி அமைத்தால் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், 31இல் மேல் ஃபிரெட்டுகள் நெருங்கிவிடும். 22ஐ இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாடுகிறவர்களுக்கும் இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். அவர்களுக்கு அம்பும் தெரிய வேண்டியதில்லை, படி எண்ணும் தெரிய வேண்டியதில்லை. தம்புரா ஆப் ஒன்றைப் போட்டு, அதற்குள்ளேயே மெல்லக் கேட்கிற அந்தர காந்தாரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். அது 5/4, 31இன் பத்தாம் படி அதிலிருந்து ஒரு சென்ட்கூட விலகாது. பிறகு அதே குரலை மேல்மேஜருக்கு ஏற்றச் சொல்லிவிட்டு, கீபோர்ட்டில் 11ஆம் படியைப் பிடித்துக் காட்டுங்கள். குழுவில் ஒருவர் அங்கே நின்றுவிட்டால் மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பெயர் கேட்டால் "அந்த எட்டிப்பார்க்கிற காந்தாரம்" என்று எங்கள் குழுவில் ஒரு அக்கா சொல்வார், எல்லோருக்கும் அதிலேயே விளங்கிவிடுகிறது.